நான் திருப்பாத தாள்

1999ஆம் ஆண்டு ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து வந்து, கல்லூரி விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். லிங்கராஜபுரத்தில் அப்போது நான் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். அக்கா படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து, விடைத்தாள்களின் மேல் விரித்தாள்.

“இது உன் சீலுதானே?”

தாளின் மேல்பகுதியில் சிறு கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட முத்திரை. கடைசிக் கட்டத்தில் இருந்தது என்னுடையது. மேலே என் துறை, கீழே என் பெயர், இரண்டும் ஜப்பானிய எழுத்தில்; நடுவில் இரண்டு கோடுகளுக்கிடையே தேதி. அந்த ஆண்டு பிப்ரவரியின் மூன்றாம் வியாழன்.

“ஆமா. இது எப்டி உன்கிட்ட?”

“எம் பொண்ணுக்கு டிக்ஷ்னரி வாங்கிக் குடுத்தியே, மொத பக்கத்துல இதே சீலத்தான குத்திக் குடுத்தே. அவதான் பாத்ததும் ‘சித்தி சீலு’ன்னா. இல்லாட்டி எங்களுக்கு எங்க தெரியும்?”

“மாமா எங்க?”

“கீழ ஸ்கூட்டர் மேலயே குந்திகினு இருக்காரு. மேல வரமாட்டாராம்.”

அதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தேன். மாமா என் வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பவர். ‘டாக்டரம்மா வீட்டுல இன்னா மருந்து இன்னிக்கு?’ என்பார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அவரோட எட்டு வருச சர்வீஸ் போச்சுடி,” என்றாள் அக்கா. “தொண்ணூத்தி ஒண்ணுல சேந்த மனுசன். இனிமே ஓசூர் பக்கம் இன்னொரு கம்பெனி ஷெட்டுக்குப் போவணுமாம். அங்க அவரு புதுசா சேந்த ஆளாம். நாப்பத்தி நாலு வயசுல புது ஆளு. ஏன்னு லேபர் ஆபீஸ்ல கேட்டா கம்பெனிக்காரன் இந்தப் பேப்பர நீட்றான். காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, வெளியாளு, அவங்களே பாத்து சரின்னு சீல் போட்டுட்டாங்களாம்.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். தாளை என்னிடமே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

இது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். மாமா அங்கேயே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். 1991இல் பெங்களூருக்கு வந்து, ஆனேக்கல் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். ஜப்பான் கம்பெனி ஒன்றும் உள்ளூர் முதலாளி ஒருவரும் கூட்டாக நடத்தியது; மோட்டார் சைக்கிள் முன்விளக்குகள் செய்தார்கள். விளக்கின் உட்புறக் கிண்ணத்துக்குப் பளபளப்புப் பூசும் பிரிவில் மாமாவுக்கு வேலை. அக்காவும் அவரும் ஜீவனஹள்ளியில் வீடு பிடித்தார்கள்.

அதே ஆண்டில்தான் நான் முனைவர் ஆய்வுக்குப் பதிந்தேன். ஜப்பானியக் கம்பெனிகளை உண்மையில் ஆள்வது யார், அவை ஏன் தொழிலாளரை வெளியே அனுப்புவதில்லை என்பதே தலைப்பு. தங்கவயலில் ஒவ்வொரு வருடமும் ‘மூடப் போறாங்க’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவளுக்கு, சேர்ந்தவனை ஓய்வுபெறும்வரை வைத்திருக்கும் கம்பெனி என்பது நம்ப முடியாத செய்தி. அந்த மொழியைக் கற்றேன். 1993இல் உதவித்தொகையில் ஒரு வருடம் அங்கே ஒரு துறைமுக நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். ஜூன் மாதக் கடைசியில், ஒரே நாளில், நூற்றுக்கணக்கான கம்பெனிகள் பங்குதாரர் கூட்டம் நடத்தி, பல இடங்களில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே தாளில் சுற்றி வந்து முடிந்திருக்கும்.

அந்தத் தாளுக்கு ரிங்கி என்று பெயர். ஒரு யோசனையைக் கீழ்மட்டத்தில் ஒருவர் எழுதுவார். அது மேசை மேசையாகப் போகும். ஒவ்வொருவரும் தன் கட்டத்தில் முத்திரை குத்துவார். எல்லாக் கட்டமும் நிறைந்தால் அது முடிவு. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

அங்கிருந்து திரும்பும்போது எனக்கென்று நான் வாங்கி வந்த ஒரே பொருள், தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய வட்ட முத்திரை. எனக்குத் தேதிகளில் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. பஸ் டிக்கெட்டின் பின்புறம்கூடத் தேதி எழுதி வைப்பேன். 1978 முதல் எல்லா ஆண்டு டைரிகளும் என்னிடம் உண்டு. ஆகவே சின்னச் சக்கரத்தைத் திருப்பி நாளை மாற்றும் அந்த முத்திரை எனக்கு நகையைவிட மேலாக இருந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் குத்தினேன். பரிசாகக் கொடுத்தவற்றிலும்.

பட்டம் வாங்கிய பிறகு, 1998 ஜூலையில் மாமாவின் தொழிற்சாலையிலேயே அடுத்த ஆய்வைச் செய்ய அனுமதி கிடைத்தது. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை. அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். பதிலுக்கு அவ்வப்போது ஜப்பானியக் கடிதங்களை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பேன். சேர்வதற்கு முன்னால் மாமாவிடம் சொன்னேன்.

“அங்க என்னைத் தெரியாத மாதிரியே இருங்க மாமா. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா என் ஆய்வுக்கு மதிப்பு இருக்காது.”

“அட, நீ யாரு? நான் பாத்ததே இல்லியே,” என்றார் உடனே.

அதோடு நிற்கவில்லை. கேன்டீனில் என்னைக் கடக்கும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடியே, ஜப்பானியர்களைப் போல இடுப்பிலிருந்து குனிந்து ஒரு வணக்கம் வைப்பார். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாமல் சாம்பார் புரையேறிய நாட்கள் உண்டு. ஆனால் வாக்கைக் காப்பாற்றினார். நானும் காப்பாற்றினேன். அவருடைய பிரிவின் பக்கமே போகமாட்டேன். அதைப் பற்றிய பேச்சு வந்தால் குறிப்பேட்டை மூடிவிடுவேன்.

தொழிற்சாலையில் திட்ட ஆலோசகராக ஒரு ஜப்பானியர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். ஆசிரியர்களை அழைக்கும் ‘சென்செய்’ என்ற சொல்லால்தான் என்னைக் கூப்பிடுவார். என் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தார். பிப்ரவரியின் அந்த மூன்றாம் வியாழனன்று, பிற்பகல், ஒரு கோப்பை இரு கைகளாலும் பிடித்து என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

“சென்செய், நீங்களும் இங்கே உட்காருபவர். தயவுசெய்து பாருங்கள்.”

ரிங்கி தாள். எட்டு ஆண்டுகளாகப் படித்த பொருள் முதல் முறையாக என் மேசைக்கே வந்திருந்தது. கடைசிக் கட்டம் அச்சில் இருந்ததல்ல. ஸ்கேல் வைத்துப் பேனாவால் போட்டது. எனக்காகவே ஒரு கட்டம்! முதல் தாளைப் படித்தேன். பளபளப்புப் பூசும் பிரிவை மூடுவது, யாரையும் வேலைநீக்கம் செய்யாமல் அனைவரையும் தொடர்புடைய வேறொரு நிறுவனத்துக்கு மாற்றுவது என்று இருந்தது. என் நான்காம் அத்தியாயம் சொல்வதும் அதுதான். அவர்கள் ஆளை வெளியே தள்ளுவதில்லை, இடம் மாற்றுகிறார்கள். நான் சொன்னது சரி என்று தாளே வந்து சொன்னதுபோல் இருந்தது.

அடியில் இரண்டாவது தாள் ஒன்று பின் குத்தி இருந்தது. விரலை வைத்தேன். அப்போது, இது மாமாவின் பிரிவாயிற்றே என்று தோன்றியது. மேலும் படித்தால் வீட்டுக்காக வேவு பார்ப்பதாகும். ஆய்வாளருக்கு அது அழகல்ல. விரலை எடுத்துவிட்டேன். முத்திரையின் சக்கரத்தை அன்றைய நாளுக்குத் திருப்பி, கட்டத்தின் நடுவில், சாயாமல், கலையாமல் குத்தினேன். ஆலோசகர் ஒரு கணம் தாளையே பார்த்து நின்றார். பிறகு கோப்பை வாங்கிக்கொண்டு போனார். ‘இன்று என் முத்திரையும் வரிசையில் விழுந்தது’ என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன்.

அக்கா விட்டுப்போன ஜெராக்ஸில் இரண்டாவது தாளும் இருந்தது. அதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலில் பார்த்தேன். பத்து வரிகூட இல்லை. மாற்றப்படுவோரின் பழைய பணிக்காலம் கணக்கில் கொள்ளப்படாது. புது நிறுவனத்தில் சேரும் நாளே அவர்களது முதல் நாள். அவ்வளவுதான். என் சுத்தமான கைக்கும் அந்த வரிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தாள்.

மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆனேக்கல் பஸ் ஏறினேன். ஆலோசகர் தன் அறையில் இருந்தார். நான் ஜெராக்ஸை நீட்டியதும் அலமாரியிலிருந்து மூலக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

“நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன், சென்செய்.”

“எதைக் கேட்க?”

அவர் கோப்பைப் பிடித்து மெல்ல ஒரு அரைச்சுற்றுச் சுற்றினார். எழுத்துகளெல்லாம் எனக்குத் தலைகீழாயின. என் முத்திரையும் தலைகீழாயிற்று. வரிசையில் ஒன்று மட்டும் நேராக நின்றது. அதன் மேல் விரல் வைத்தார். அவருடையது.

உடன்படாதவர் மறுத்து எழுதுவதில்லை, முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிடுவதுண்டு என்று, அங்கே ஓய்வுபெற்ற ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை அடிக்குறிப்பாகச் சேர்த்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன். பிப்ரவரியில் அந்த அடிக்குறிப்பு சிவப்பு மையில் என் கண் முன்னால் வந்து நின்றபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது தேதியை. மற்றவர்கள் முத்திரைக்குக் கீழே கிறுக்கியிருந்த தேதிகளை ஒன்றுவிடாமல் சரிபார்த்தேன். வரிசைப்படி இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பழைய பாணிச் சித்திர எழுத்தில் இருந்த பெயர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்க்கவில்லை.

“வாய் திறந்து சொல்லியிருக்கலாமே,” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

“தலைமையகத்தின் யோசனை. என் இடத்திலிருந்து செய்யக்கூடியது இவ்வளவுதான். உங்கள் கட்டத்தை நான்தான் வரைந்தேன். வெளியாள் ஒருவர் ஒரு கேள்வி கேட்டாலும் தாள் திரும்ப முதல் மேசைக்குப் போகவேண்டும். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.” என் ஆய்வேட்டை எடுத்தார். அந்தப் பக்கத்தில் துண்டுச்சீட்டு வைத்திருந்தார்.

“என் அக்கா கணவர் அந்தப் பிரிவில் வேலை செய்கிறார்,” என்றேன்.

இப்போது அவர் அதிர்ந்தார். “யார்?”

“கேன்டீனில் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்பவர்.”

“அவரா? மிகவும் மரியாதை தெரிந்தவர் என்று நினைத்து நானும் அவருக்குத் திரும்ப வணங்கியிருக்கிறேனே.”

விழுந்த முத்திரையை எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். ஆனால் கேள்வி தாமதமாக வந்தாலும் கேள்விதான், எழுத்தில் வரவேண்டும், படிக்காமல் குத்தினேன் என்று அதில் இருக்கவேண்டும். லேபர் அதிகாரி முன்னால் சொன்னால் அந்தப் பதிவே போதும் என்றார்.

வெளியே வந்தபோது பர்சனல் மேனேஜர் காத்திருந்தார். உள்ளூர்க்காரர், தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுபவர்.

“மேடம், இதெல்லாம் ஃபார்மாலிட்டி. சும்மனே டென்ஷன் யாக்கே? உங்க புக்குக்கு எங்க பர்மிஷன் லெட்டர் டைப் ஆயிட்டே இருக்கு. ரெண்டு வாரம் பேசாம இருங்க, சாக்கு, அது போதும்.”

என் புத்தகம் அந்தத் தொழிற்சாலையைப் பற்றியது. அச்சுக்குப் போகக் காத்திருந்தது. கம்பெனியின் கடிதம் இல்லாமல் வெளியிட முடியாது. அதைவிட, படிக்காமல் முத்திரை குத்தியவள் என்று நானே பதிவு செய்துகொண்டால், இனி எந்தக் கம்பெனி வாசலில் என்னை விடுவார்கள்? ஆனேக்கலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஓசூர் போகும் கூட்டம் இறங்குவதைப் பார்த்தபடி, ‘நான் குத்தாவிட்டாலும் இது நடந்திருக்கும்தானே’ என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒருமுறைகூட என் காதுக்கே அது நன்றாகக் கேட்கவில்லை.

மறுநாள் மாலை ஜீவனஹள்ளிக்குப் போனேன். மாமா நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க மேடம்,” என்றார்.

அவர் என்னை ‘வாங்க’ என்றது அதுவே முதல் முறை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் எனக்கு வைத்த வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைத்த ஜப்பானியரைப் பற்றியும் சொன்னேன். அதற்கும் சிரிக்கவில்லை.

“ரெண்டாவது பேப்பர ஏன் திருப்பல?” என்றார்.

“உங்க செக்‌ஷன்றதால.”

“எங்க செக்‌ஷன்றதாலதான் நீ திருப்பியிருக்கணும்.”

அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, “காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லுங்க,” என்றாள். என்னிடம் நேராகப் பேசவில்லை.

லேபர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நீளமான அறை. ஒரு பக்கம் மாமாவும் அவர் பிரிவு ஆட்களும். மறுபக்கம் பர்சனல் மேனேஜரும் வக்கீலும். அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஆலோசகர். அதிகாரி கன்னடத்தில் கேட்டார். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன்.

“முத்திரை உங்களுடையதா?”

“ஆமாம்.”

“படித்துவிட்டுத்தான் வைத்தீர்களா?”

“முதல் தாளை மட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு தாள் உள்ள கோப்பில் இரண்டாவது தாளைத் திருப்பவில்லையா?”

“திருப்பவில்லை.”

அறையில் சிரிப்பு எழுந்தது. தொழிலாளர்கள் பக்கமும் சிரித்தார்கள். மாமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி குமாஸ்தாவிடம் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னார்.

“இப்போது படித்துவிட்டீர்களே, என்ன சொல்கிறீர்கள்?”

“ஒரு கேள்வி கேட்கிறேன். எட்டு வருடம் இங்கே வேலை செய்தவர் இன்னொரு கூரைக்குக் கீழே போனால், அந்த எட்டு வருடம் எங்கே போகிறது?”

சுவரோரமாக ஆலோசகர் தன் குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதினார்.

அந்தக் கேள்வியோடு தாள் மறுபடியும் முதல் மேசைக்குப் போயிற்று. தலைமையகத்துக்கும் போயிற்று. நான் அதைப் பார்க்கவில்லை. ஆகஸ்டிலேயே என் மேசையை எடுத்துவிட்டார்கள். அனுமதிக் கடிதம் வரவில்லை. புத்தகத்தின் கைப்பிரதி இன்றும் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கல்லூரியில் சில மாதங்கள், நான் கையெழுத்துப் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர், “மேடம், பின்பக்கம்!” என்பார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஆலோசகர் ஊர் திரும்பினார். புத்தாண்டுக்கு அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது. வாழ்த்து ஒரு வரி; கீழே புது வேலையின் முகவரி. பழைய கம்பெனியின் பெயர் இல்லை. நான் கேள்விப்பட்டிராத ஊரில் ஒரு கிடங்கு நிறுவனம். என் நான்காம் அத்தியாயத்தைத் திறக்கத் தேவையில்லாமலேயே எனக்கு விளங்கியது. அவரையும் இடம் மாற்றியிருந்தார்கள். அட்டையின் ஓரத்தில் அவர் முத்திரை இருந்தது. நேராகத்தான் இருந்தது. அப்படியும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, 2000 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. ஜூனுக்குப் பிறகு முதல் தடவை மேலே வந்தார். பின்னால் அக்கா. அவர் நேரே அடுப்படிக்குப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“செக்‌ஷன மூடிட்டாங்க. திங்கள்லேர்ந்து ஓசூர் பஸ்ஸு. காலையில அஞ்சரைக்கே எழுந்துக்கணும், உங்கக்கா இப்பவே பொலம்ப ஆரம்பிச்சிட்டா.”

“பொலம்பாம? யாரு டிபன் கட்றது?” என்றாள் அக்கா.

“நீ படி. நீதான் தேதிப் பைத்தியமாச்சே.”

படித்தேன். புது நிறுவனத்தின் பணி ஆணை. சேர்ந்த தேதி என்ற இடத்தில் 1991 என்று இருந்தது. மாதமும் நாளும் அக்கா கல்யாண நாளுக்கு அடுத்த வாரம். எனக்கு மனப்பாடம். ஆனாலும் டைரியை எடுத்துச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

“கரெக்டா?”

“கரெக்ட், மாமா.”

“அவ்ளோதானா? இன்னொரு பேப்பர் கீது பாரு. அத யாரு திருப்புவா, உங்கப்பனா?”

இரண்டாவது தாளைத் திருப்பினேன். அது வெறும் தாள். கவருக்குள் முதல் தாள் மடங்காமலிருக்க வைத்தது. ஒரு எழுத்தும் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பின்புறமும் பார்த்தேன்.

அடுப்படியில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.